பழகியவரே பழக்குவார்

குதிரையைப் பற்றிப் பேசும்போது தமிழில் இரண்டு வினைச்சொற்கள் வருகின்றன. ஒன்று அடக்குதல்; மற்றொன்று பழக்குதல். அடக்குதலில் ஒருவர் வெல்கிறார், ஒருவர் தோற்கிறார். பழக்குதலில் அத்தகைய கணக்கு இல்லை. நாள்தோறும் செய்து கைவரப் பெற்றதைப் பழக்கம் என்கிறோம். ஒருவரோடு நெருங்கி உறவாடுவதையும் பழக்கம் என்கிறோம். பயிற்சியும் நட்பும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தால் இரண்டுமே கெடும் என்பதை ஒரு விலங்கின் உடலைக் கொண்டு விளக்கியவர், ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் படைவீரர் ஜெனோபோன்.

சாக்ரடீஸின் மாணவர், வரலாற்றாசிரியர், பத்தாயிரம் வீரர்களைப் பாரசீகத்திலிருந்து மீட்டு வந்த தலைவர்களுள் ஒருவர் என்ற அளவில் அவரை உலகம் அறியும். குதிரையேற்றம் பற்றி அவர் எழுதிய சிறு நூலை அறிந்தோர் குறைவு. அத்துறையில் முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கிரேக்க நூல் அது.

முதுகுவலியாலோ கால்காயத்தாலோ நலிந்த குதிரைக்கு இன்றைய மருத்துவர்கள் ஓய்வோடு சில பயிற்சிகளையும் பரிந்துரைக்கிறார்கள். தரையில் கிடத்திய கம்புகளை ஒவ்வொன்றாகத் தாண்டி நடக்கச் செய்வது, கேரட்டைக் காட்டிக் கழுத்தை இருபுறமும் வளைக்கச் செய்வது, சில அடிகள் பின்னோக்கி நடத்துவது போன்றவை அவை. ஏறி அமராமல், தரையில் குதிரையின் அருகில் நின்றபடியே செய்விக்கும் பயிற்சிகள். இதே தரைப் பயிற்சியை விளையாட்டாக நடத்துவோரும் உண்டு. பெரிய பந்தை முகர்ந்து தள்ள விடுவது, விரித்த தார்ப்பாயின்மீது தயங்கித் தயங்கிக் கால் வைக்க விடுவது, அஞ்சும் பொருளைத் தானே நெருங்கிப் பார்க்க விடுவது என அது அமையும். முன்னது உடலுக்கு, பின்னது மனத்துக்கு. இரண்டையும் ஒன்றாக இணைக்க வேண்டும் என்று இன்று பலர் வலியுறுத்துகின்றனர். ஜெனோபோனிடம் அவை பிரிந்திருக்கவே இல்லை. அதன் காரணத்தை அவருடைய வாழ்க்கையில்தான் தேட வேண்டும்.

கி.மு. 430-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஏதென்ஸைச் சேர்ந்த எர்கியா என்னும் ஊர்ப்பிரிவில், வசதி மிக்க குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையின் பெயர் கிரில்லோஸ். அக்கால ஏதென்ஸில் குதிரை வைத்திருப்பது செல்வத்தின் அடையாளம். குதிரைப்படையில் சேர்வதும் அத்தகைய குடும்பங்களுக்கே உரியதாக இருந்தது. ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் மோதிக்கொண்ட நெடும்போரின் நடுவே அவருடைய இளமை கழிந்தது. ஒரு குறுகிய சந்தில் சாக்ரடீஸ் தம் கைத்தடியை நீட்டி அவரை வழிமறித்தாராம். உணவுப் பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, மனிதர் நல்லவராவது எங்கே என்று கேட்டாராம். இளைஞர் விடையின்றித் திகைத்து நிற்க, தம்மோடு வந்து கற்குமாறு அழைத்தாராம். பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்றில் காணப்படும் கதை இது. நல்லியல்பு பயிற்சியால் வருமா, எத்தகைய பயிற்சியால் வரும் என்னும் வினா அவருடைய நூல்கள் பலவற்றிலும் தொடர்ந்து ஒலிக்கிறது.

கி.மு. 401-இல், பாரசீக இளவரசர் சைரஸ் திரட்டிய கூலிப்படையோடு ஜெனோபோன் புறப்பட்டார். தம் அண்ணனான பேரரசரை வீழ்த்தி அரியணையைக் கைப்பற்றுவது சைரஸின் உண்மையான நோக்கம். பாபிலோனுக்கு அருகே குனாக்சா என்னுமிடத்தில் நடந்த போரில் சைரஸ் மாண்டார். பேச்சுவார்த்தைக்கென அழைக்கப்பட்ட கிரேக்கத் தளபதிகள் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். அன்னிய நாட்டின் நடுவில், வழியும் தலைமையும் அற்று நின்றது கிரேக்கப் படை. அன்றிரவு வீரர்கள் தேர்ந்தெடுத்த புதிய தலைவர்களுள் ஜெனோபோனும் ஒருவர்.

கிரேக்கரை வாட்டிய பேரச்சம், தம்மிடம் குதிரைப்படை இல்லை என்பது. ஜெனோபோன் எழுந்து அவர்களைத் தேற்றினார். போரில் குதிரை கடித்தோ உதைத்தோ எவரும் இறந்ததில்லை என்றார். குதிரைமேல் தொங்கிக்கொண்டிருப்பவன் எதிரிக்கு மட்டுமன்றி, கீழே விழுவதற்கும் அஞ்சுகிறான். தரையில் ஊன்றி நிற்பவனே உறுதியாக அடிக்க வல்லவன் என்றார். அதில் நகைச்சுவை இருந்தது, உண்மையும் இருந்தது. அக்காலத்தில் அங்கவடி கிடையாது. இன்று நாம் காணும் மரச்சட்டம் கொண்ட சேணமும் கிடையாது. வெறும் முதுகிலோ ஒரு துணிவிரிப்பிலோ அமர்ந்து, தொடைகளின் பிடியை நம்பி ஈட்டி எறிய வேண்டும். குதிரை ஒருமுறை மிரண்டால் வீரனின் கதை முடிந்தது. குதிரையின் மனம் எந்நிலையில் இருக்கிறது என்பது அவனுக்கு உயிர்ப் பிரச்சினை.

தேற்றிய சொற்கள் சில நாள்களிலேயே போதாமற்போயின. பாரசீகக் குதிரை வீரர்கள் அருகில் வந்து அம்பெய்வதும் விலகி ஓடுவதுமாகப் படையைத் துன்புறுத்தினர். காலாட்களால் அவர்களைத் துரத்திப் பிடிக்க இயலவில்லை. அப்போது ஜெனோபோன் வேறொரு யோசனை சொன்னார். படையோடு மூட்டை சுமந்து வந்த விலங்குகளுக்கிடையே குதிரைகளும் இருந்தன. அவற்றின் சுமையை வேறு விலங்குகளுக்கு மாற்றிவிட்டு, குதிரைகளைப் போருக்கு ஆயத்தம் செய்யலாம் என்றார். மறுநாளே ஏறத்தாழ 50 பேர் கொண்ட குதிரைப்படை உருவாயிற்று. பொதி சுமந்த குதிரைகள் போர்க்குதிரைகள் ஆயின. விலங்குக்குள் என்ன இருக்கிறது என்பது, அதனிடம் நாம் என்ன கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று அவர் அன்று கண்டிருக்க வேண்டும்.

பின்னர் வந்தது ஆர்மீனியாவின் பனிக்காலம். விலங்குகளும் அடிமைகளும் வீரர்களும் பனியில் மாண்டனர். கால்விரல்கள் அழுகின. சோர்ந்து பனியிலேயே அமர்ந்துவிட்டவர்கள் மீண்டும் எழவில்லை. அப்படி அமர்ந்தோரைச் ஜெனோபோன் அடித்துக்கூட எழுப்பினார். அதற்காகப் பிற்பாடு அவர்மீது படையினர் குற்றம் சாட்டியபோது, தம் செயலுக்கு அவர் காரணம் கூறினார். கடுங்குளிரில் ஒருமுறை தாமே நெடுநேரம் அமர்ந்திருந்து, பிறகு எழுந்து காலை நீட்டுவதற்குப் பட்ட பாட்டை எடுத்துரைத்தார். அசைவு உடலுக்கு வெம்மையையும் நெகிழ்வையும் தந்தது. அசையாதிருத்தல் குருதியை உறையச் செய்து விரல்களை அழுகச் செய்தது என்பது அவர் கண்டறிந்த உண்மை.

இங்கே நெகிழ்வைக் குறிக்க அவர் கையாளும் கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் ஈரம். வறண்ட குச்சி ஒடியும், ஈரமுள்ள குச்சி வளையும் என்ற கருத்தில் பிறந்த சொல். குதிரைக்குட்டியை வாங்கும்போது, அது நடக்கையில் முழங்கால் எத்துணை இலகுவாக மடங்குகிறது என்று பார்க்கச் சொல்லுமிடத்திலும் அதே வேர்ச்சொல்லைப் பயன்படுத்துகிறார். பனியில் மனிதரின் உடலில் கற்ற பாடம், குதிரை நூலில் குதிரையின் உடலுக்கு வந்து சேர்ந்தது. தமிழிலும் ஈரம் என்பதற்கு அன்பு என்னும் பொருள் உண்டு என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே ஆர்மீனியச் சிற்றூர்களில் இன்னொரு பாடமும் அவருக்குக் கிடைத்தது. ஊர்த் தலைவர் ஒருவர், பனியில் குதிரைகளின் கால்களைச் சுற்றிச் சிறு பைகளைக் கட்டும் முறையைக் கற்றுக்கொடுத்தார். பைகள் இல்லாவிடில் குதிரைகள் வயிறு வரை பனியில் புதைந்துபோகும். நெடும்பயணத்தில் நலிந்துபோன தம் கிழக்குதிரையைச் ஜெனோபோன் அந்தத் தலைவரிடமே ஒப்படைத்தார். அது கதிரவக் கடவுளுக்கு உரியது என்று கேள்விப்பட்டிருந்ததால், சாவதற்குள் ஊட்டி வளர்த்துப் பலியிடுமாறு கேட்டுக்கொண்டார். இன்றைய நமக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். தம்மைச் சுமந்து தேய்ந்த விலங்கை வழியில் கைவிடாமல், தாம் அறிந்த மிக உயர்ந்த முடிவை அதற்குத் தர அவர் விழைந்தார் என்பதையும் நாம் காணத் தவறக் கூடாது.

கருங்கடலை அடைந்து, மேலும் பல இன்னல்களைக் கடந்து, கி.மு. 399 அளவில் லாம்ப்சகஸ் நகருக்கு வந்தபோது அவரிடம் பணம் இல்லை. தம் குதிரையை 50 பொற்காசுகளுக்கு விற்றார். அக்குதிரையின்மீது அவர் கொண்டிருந்த பற்றை ஸ்பார்ட்டாவிலிருந்து வந்த அதிகாரிகள் இருவர் கேள்விப்பட்டனர். வறுமையால்தான் விற்றிருப்பார் என்று ஊகித்து, குதிரையை மீட்டுவந்து அவரிடமே கொடுத்தனர். விலையைப் பெற்றுக்கொள்ள மறுத்துவிட்டனர். தம் பயண நூலில் இச்செய்தியை அவர் ஓரிரு வரிகளில் சொல்லிச் செல்கிறார். உணர்ச்சியைக் கொட்டுவதில்லை. ஆனால் அத்துணைப் போர்களைப் பதிவு செய்த நூலில் அந்த ஒரு குதிரைக்கும் அவர் இடம் ஒதுக்கியிருக்கிறார்.

அவர் தொலைவில் இருந்த காலத்தில், கி.மு. 399-இல், ஏதென்ஸ் சாக்ரடீஸுக்கு நஞ்சு கொடுத்தது. ஜெனோபோன் ஸ்பார்ட்டா மன்னர் அகேசிலாவோஸின் பக்கம் சேர்ந்தார், கி.மு. 394-இல் கொரோனேயாப் போரின்போது அவர் படையில் இருந்தார். ஏதென்ஸ் அவரை நாடு கடத்தியது. ஒலிம்பியாவுக்கு அருகே ஸ்கில்லஸ் என்னும் ஊரில் ஸ்பார்ட்டா அவருக்கு நிலம் அளித்தது. புல்வெளியும் காட்டுமேடுகளும் சூழ்ந்த அவ்விடத்தில் ஆர்ட்டெமிஸ் தெய்வத்துக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார். ஆண்டுதோறும் திருவிழா நடத்தினார். அவருடைய மகன்கள் கிரில்லோசும் தியோதோரசும் அவ்விழாவுக்காக வேட்டையாடினர். விழாவுக்கு வருவோரின் வண்டி விலங்குகளுக்கும் வயிறார மேய்ச்சல் கிடைக்கும் என்று பெருமிதத்தோடு எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளை ஒட்டிய அந்த வாழ்வு, கி.மு. 371-இல் லியூக்ட்ராப் போரில் ஸ்பார்ட்டா தோற்றதும் முடிவுக்கு வந்தது. அவர் கொரிந்துக்கு இடம்பெயர்ந்தார். ஏதென்ஸ் அவர்மீதான தண்டனையைப் பிற்பாடு விலக்கிக்கொண்டது.

குதிரையேற்றம் பற்றிய நூலை, வாழ்வின் பிற்பகுதியில் அவர் எழுதியதாக அறிஞர்கள் பொதுவாகக் கருதுகின்றனர். நெடுங்காலம் குதிரையோடு வாழ்ந்து பெற்ற அறிவைத் தம் இளைய நண்பர்களுக்குத் தருவதே நோக்கம் என்று தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறார். தமக்கு முன் இத்துறையில் எழுதிய சைமன் என்பவரையும் மறவாமல் குறிப்பிடுகிறார். ஏதென்ஸில் எலூசினியக் கோயிலுக்கு வெண்கலக் குதிரை ஒன்றைக் காணிக்கையாக வைத்தவர் அந்தச் சைமன். தாமும் சைமனும் ஒத்துப்போகும் இடங்களில் தம் கருத்துக்கு வலுச் சேர்வதாக மகிழ்கிறார்; சைமன் விட்டதைத் தாம் நிரப்புவதாக அடக்கத்தோடு கூறுகிறார்.

நூலில் அவருடைய பார்வை குதிரையின் காலிலிருந்து தொடங்குகிறது. அடித்தளம் பழுதான வீட்டின் மேல்தளம் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன் என்பது அவர் தரும் உவமை. கிரேக்கர் குதிரைக்கு லாடம் அடிக்கவில்லை. குளம்பு தன் வலிமையிலேயே நிற்க வேண்டும். அதற்கு அவர் சொல்லும் வழி மிக எளியது. லாயத்துக்கு வெளியே நான்கைந்து வண்டி உருண்டைக் கற்களைக் கொட்டிப் பரப்ப வேண்டும். ஒவ்வொன்றும் கைக்கு அடங்கும் அளவில், ஏறத்தாழ அரைக் கிலோ எடை இருக்க வேண்டும். அதன்மேல் குதிரையை நிறுத்தித் தேய்த்துவிட வேண்டும். குதிரை சும்மா நின்றாலும் ஈயை விரட்டக் காலை மாற்றி மாற்றி வைக்கும். நடப்பதுபோலவே அடிப்பாதம் உழைக்கும். குளம்பும் அதன் நடுவேயுள்ள மென்பகுதியும் உறுதிப்படும். தேய்த்துவிடும் இன்பமும் காலுக்கான சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடந்தேறுகின்றன. பயிற்சி நடப்பதே குதிரைக்குத் தெரிவதில்லை.

முதுகெலும்பின் இருபுறமும் தசை திரண்டு, நடுவே தாழ்ந்திருக்கும் முதுகையே அவர் விரும்புகிறார். அமர்பவருக்கும் அது மென்மை, பார்ப்பதற்கும் அழகு. இன்றைய குதிரை இயன்முறை மருத்துவர்களும் முதுகுத் தசையின் நிலையைக் கூர்ந்து கவனிப்பார்கள். முதுகைத் துப்புரவு செய்யும்போது எக்கருவியும் கூடாது, வெறுங்கையால் மயிர் படியும் திசையிலேயே தேய்க்க வேண்டும் என்று விதிக்கிறார். எலும்பு மிகுந்த தலையை நீரால் கழுவினால் போதும். இரும்போ மரமோ பட்டால் வலிக்கும் என்கிறார். லாயம் உரிமையாளரின் கண் படும் இடத்தில் இருக்க வேண்டும்; குதிரை தீனியைச் சிந்துகிறதா என்று கவனிக்க வேண்டும். உடலில் கோளாறு இருப்பதைத் தீனித் தொட்டி முதலில் சொல்லிவிடும். தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்துவது எளிது. பேச இயலாத உயிரிடம் நோயறியும் முறையாக இதைக் கொள்ளலாம்.

இளங்குதிரைக்கு அவர் வகுத்த பாடத்திட்டம் இன்னும் நுட்பமானது. பயிற்சியாளரிடம் அனுப்பும்போது, மகனைத் தொழில் கற்க விடுவதுபோல, என்னென்ன கற்பிக்க வேண்டும் என்பதை எழுதிக்கொடுத்து ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஆனால் அதற்கு முன்பே வீட்டில் ஒரு கல்வி முடிந்திருக்க வேண்டும். பசியும் தாகமும் ஈக்கடியும் தனிமையில் வர வேண்டும். தீனியும் நீரும் விடுதலையும் மனிதரின் கையால் வர வேண்டும். அப்போது குதிரை மனிதரைத் தானே தேடும். தொட்டால் எங்கே இன்பமோ அங்கே தடவிக் கொடுக்க வேண்டும். மயிர் அடர்ந்த இடங்களும், தன்னால் எட்டிச் சொறிந்துகொள்ள முடியாத இடங்களுமே அவை. பிறகு கூட்டத்தின் ஊடே நடத்திச் சென்று, எல்லாவிதக் காட்சிகளையும் ஓசைகளையும் காட்ட வேண்டும். மிரண்டால் சினவாமல், அஞ்ச ஒன்றுமில்லை என்பதை அமைதியாகப் புரியவைக்க வேண்டும். முதுகில் ஏறுவதற்கு முன் தரையிலேயே நடந்துமுடிய வேண்டிய கல்வி இது.

அச்சத்தைப் பற்றி அவர் கூறுவது இந்நூலின் உயிர்நாடி. ஒரு பொருளைக் கண்டு குதிரை மிரளும்போது அடித்தால் என்ன நேரும்? அஞ்சிய பொருளே தனக்கு வலியையும் தந்தது என்று அது முடிவு செய்யும், அச்சம் இருமடங்காகும். ஆகவே மனிதர் முதலில் தாமே அப்பொருளைத் தொட்டுக்காட்டி, பின்னர் குதிரையை மெல்ல அருகில் அழைத்துவர வேண்டும். சினத்தோடு குதிரையை அணுகவே கூடாது என்பது அவர் வகுத்த விதிகளுள் தலையாயது. சினத்துக்கு முன்யோசனை கிடையாது. பிறகு வருந்த வேண்டியவற்றையே அது செய்விக்கும். பனியில் தம் வீரர்களை அடித்து எழுப்பி, அதற்கு விசாரணையையும் எதிர்கொண்ட ஒருவர் எழுதிய விதி இது என்பதை நினைவில் கொண்டால் அதன் கனம் கூடுகிறது.

உடற்பயிற்சிகளும் இதே முறையில் அமைகின்றன. ஒரே பக்கம் திருப்பிக்கொண்டிருந்தால் ஒருபக்கத் தாடையும் உடலும் இறுகும். ஆகவே இருபுறமும் மாறி மாறித் திரும்பும் நீள்வட்டப் பாதையை அவர் பரிந்துரைக்கிறார். வளைவில் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார். பள்ளம் தாண்டக் கற்பிக்கும்போது, கயிற்றைப் பிடித்தபடி மனிதர் முதலில் தாண்டி, பின்னர் குதிரையை அழைக்க வேண்டும். சரிவில் இறங்கும் பயிற்சியை மென்மையான மண்ணில் தொடங்க வேண்டும். குதிரையின் தோள் முறியும் என்று அஞ்சுவோர்க்கு, பாரசீகரும் ஒட்ரிசியரும் சரிவுகளில் பந்தயம் விட்டும் அவர்தம் குதிரைகள் நலமாகவே இருப்பதை எடுத்துக்காட்டுகிறார். விரும்பியவாறு குதிரை செய்துமுடித்த கணத்தில் ஓய்வு தர வேண்டும். அதைவிட நல்ல பாடம் இல்லை என்பது அவர் கருத்து.

விளையாட்டுக்கும் அவருடைய நூல்களில் இடமுண்டு. இல்லறமும் வேளாண்மையும் பற்றிய உரையாடல் நூலில், இஸ்கோமாக்கஸ் என்னும் பெருமகன் வயலுக்குச் சென்று, மேடு, பள்ளம், ஓடை ஆகியவற்றின் குறுக்கே குதிரையை ஓட்டிப் பயிற்சி செய்கிறான். அதன் கால் ஊனமாகாதவாறு கவனம் கொள்கிறான். முடிந்ததும் பணியாள் குதிரையை மண்ணில் புரள விட்டு வீட்டுக்கு அழைத்துச் செல்கிறான். புரள விடுவதும் அங்கே நாளின் ஒழுங்கில் சேர்ந்தே இருக்கிறது. குதிரை நூலின் இறுதிப் பகுதியில் அவர் இன்னும் ஆழமாகச் செல்கிறார். தன் இனத்தின் நடுவே, குறிப்பாகப் பெண் குதிரைகளின் முன், குதிரை தானாகவே கழுத்தை உயர்த்தி, வாலை எடுத்து, காலைத் தூக்கிப் போட்டுக் களிக்கிறது. அந்தக் களிப்பின் அசைவையே பயிற்சி கேட்க வேண்டும். கடிவாளத்தை இலகுவாகப் பிடித்து அந்நிலைக்குக் கொண்டுவந்தால், குதிரை தான் விரும்புவதையே செய்கிறது. ஏறியவருக்கும் அழகு சேர்கிறது. கட்டாயத்தால் ஆடுவதில் அழகில்லை, ஆடுபவரைச் சவுக்கால் அடித்து ஆட்டுவிப்பதற்கு அது ஒப்பாகும் என்னும் சைமனின் கருத்தை இவ்விடத்தில்தான் அவர் வழிமொழிகிறார்.

அவரை அருளாளர் ஆக்கிவிட வேண்டியதில்லை. பள்ளம் தாண்ட மறுக்கும் குதிரையைப் பின்னாலிருந்து சவுக்கால் தட்டச் சொன்னவரும் அவரே. மென்மையான கடிவாள இரும்போடு முட்கள் கொண்ட கடுமையான ஒன்றையும் வைத்திருக்கச் சொல்கிறார். கடியதை அனுபவித்த குதிரை மென்மையானதை நன்றியோடு ஏற்கும் என்பது அவர் வாதம். குதிமுள்ளையும் அவர் விலக்கவில்லை. அவர் பழக்கிய குதிரைகள் போருக்குச் சென்றன. அவற்றைத் தேய்த்துவிட்ட கைகள் பெரும்பாலும் அடிமைகளின் கைகள். தம் காலத்தின் எல்லைகளை அவர் தாண்டிவிடவில்லை. ஆயினும் அந்த எல்லைக்குள் நின்றபடியே, வலியைக் குறைத்து விருப்பத்தைக் கூட்டும் திசையில் எவ்வளவு தூரம் செல்ல முடியுமோ அவ்வளவு தூரம் சென்றார்.

அவருடைய மகன்கள் இருவரும் ஏதென்ஸ் குதிரைப்படையில் பணியாற்றினர். கி.மு. 362-இல் மான்டினேயாவுக்கு அருகே நடந்த போரில் மூத்த மகன் கிரில்லோஸ் வீழ்ந்தான். செய்தி வந்தபோது தந்தை மாலை சூடித் தெய்வத்துக்குப் பலியிட்டுக்கொண்டிருந்தாராம்; மாலையைக் கழற்றினாராம்; மகன் வீரத்தோடு மாண்டான் என்று அறிந்ததும் மீண்டும் சூடிக்கொண்டாராம். இது பிற்காலத்தவர் எழுதிவைத்த கதை. அங்கவடி இல்லாத முதுகில், எதிரியின் ஈட்டிக்கும் குதிரையின் மிரட்சிக்கும் இடையில் ஓர் இளைஞன் அமர்ந்திருப்பது எப்படிப்பட்ட நிலை என்று அந்தத் தந்தைக்குத் தெரியும். அவருடைய நூல் ஏன் அவ்வளவு பொறுமையோடும் நுணுக்கத்தோடும் இளைஞர்களை நோக்கிப் பேசுகிறது என்பதும் அதை நினைக்கும்போது விளங்குகிறது. கி.மு. 350-களில் ஜெனோபோன் மறைந்தார்.

நூல் மறையவில்லை. எனினும் அதன் குரல் எல்லாக் காலத்திலும் கேட்கப்படவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரின் கிரிசோனே எழுதிய புகழ்பெற்ற நூல், பணியாத குதிரைக்குக் கடுமையான தண்டனைகளைப் பரிந்துரைத்தது. அடுத்த தலைமுறைகளில் பிரான்சின் புளுவினெல், குதிரையைத் தண்டிப்பதில் சிக்கனமும் தடவிக் கொடுப்பதில் தாராளமும் வேண்டும் என்று கற்பித்தார். 18-ஆம் நூற்றாண்டில் கெரினியேர், குதிரையின் தோளை உட்புறம் வளைத்துப் பக்கவாட்டில் நடத்தும் பயிற்சியைச் செம்மைப்படுத்தினார். இறுகிய உடலை நெகிழ்விக்க இன்றும் அது கையாளப்படுகிறது. அன்பும் உடற்பயிற்சியும் ஒன்றையொன்று தேடிய ஒவ்வொரு காலத்திலும் ஜெனோபோனின் நூல் மீண்டும் திறக்கப்பட்டது.

இன்றைய குதிரைக்குப் போர்க்களம் இல்லை. பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டதும், காயத்தால் ஓய்வு பெற்றதும், வண்டியிழுத்து முதுகு தேய்ந்ததும் உண்டு. அவற்றுக்குக் கழுத்து வளைக்கும் பயிற்சியும் கம்பு தாண்டும் நடையும் தேவைப்படுகின்றன. அஞ்சிய குதிரை தசையை இறுக்கிக்கொள்ளும். இறுகிய தசையோடு எந்தப் பயிற்சியும் முழுப் பயன் தராது. வலியை மறைக்கக் கற்றுக்கொண்ட விலங்கு, மறுப்பதையும் நிறுத்திவிடும். எந்த அசைவு வலிக்கிறது என்பதே பிறகு நமக்குத் தெரியாமற்போகும். மனிதரை நம்பி விளையாடும் குதிரை அப்படியன்று. விரும்பிச் செய்து வந்த அசைவை ஒருநாள் அது மறுத்தால், அந்த மறுப்பே நோய்க்குறி. அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணி அடிப்பவர் நோயையும் வளர்க்கிறார். நின்று கவனிப்பவர் பாதி மருத்துவத்தை முடித்துவிடுகிறார்.

போர்த்தொழிலில் வாழ்நாளைக் கழித்த ஒருவர் இம்முடிவுக்கு வந்தார் என்பதே அவர் வாழ்வின் சிறப்பு. அச்சத்தால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதை அவர் நேரில் கண்டவர். அது எந்த இடத்தில் நின்றுவிடும் என்பதையும் கண்டவர். பொதிக்குதிரைகளை ஒரே நாளில் போருக்கு அணிவகுத்த கைகள்தாம், குளம்புக்குக் கல் பரப்பவும் முதுகை வெறுங்கையால் தேய்க்கவும் கற்றுக்கொடுத்தன. வகுப்பறையிலோ விளையாட்டுத் திடலிலோ, உடல் தேறிவரும் நோயாளியின் படுக்கையருகிலோ, பிறர் உடலுக்கும் மனத்துக்கும் பயிற்சி தர வேண்டிய பொறுப்பில் இருப்போர் யாவரும் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. பழக்க வேண்டுமானால் முதலில் பழக வேண்டும்.